நகரி மலைக்கு மேற்கே எழும் இடிமேகம்: வீட்டருகே சுழல்காற்றைக் கண்டறிவது எப்படி

சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் தமிழக - ஆந்திர எல்லையில் உள்ள திருத்தணி, பள்ளிப்பட்டு, நகரி, புத்தூர், சித்தூர் வட்டாரத்து வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு காணொளி சுற்றத் தொடங்கும். கறுத்த மேகத்தின் அடியிலிருந்து ஏதோ ஒன்று தொங்கும். பின்னால் தமிழும் தெலுங்கும் கலந்து நாலைந்து பேர் கத்துவார்கள். 'எங்க ஊர்ல டொர்னாடோ' என்று கீழே எழுதியிருக்கும். அநேகமாக அது டொர்னாடோ, அதாவது மேகத்துக்கும் தரைக்கும் நடுவே சுழலும் காற்றுத்தூண், அல்ல. ஆனால் படமெடுத்தவர் மொட்டைமாடியிலோ ஏரிக்கரையிலோ நின்றிருந்தால், மின்னலும் மேகத்திலிருந்து சரிந்து விழும் காற்றும் அவரை எட்ட அப்போது சில நிமிடங்களே மிச்சம் இருந்திருக்கும்.

இடிமழையைத் தேடிப் போய்ப் பார்க்கும் பழக்கம் அமெரிக்கச் சமவெளியில் வளர்ந்தது. 1950களில் ரோஜர் ஜென்சன், டேவிட் ஹோட்லி போன்ற ஆர்வலர்கள் தனியாளாகத் தொடங்கியது அது. இன்று அந்நாட்டின் தேசிய வானிலைச் சேவை 'ஸ்கைவார்ன்' என்ற திட்டத்தில் தன்னார்வலர்களுக்குப் பயிற்சியே கொடுக்கிறது. நம் ஊர் இளைஞர்கள் யூடியூபில் கற்பதெல்லாம் அந்தப் பாடம்தான். மேகத்தின் விரிந்த தலை எந்தப் பக்கம் நீள்கிறதோ அந்தப் பக்கம்தான் இடிமழைப் புயல் வரும்; மழைக்குத் தென்கிழக்கே நின்று வடமேற்கே பார்; மழையில்லாத கறுத்த அடிப்பரப்பைத் தேடு. ஓக்லஹோமாவில் இவை உயிர் காக்கும் விதிகள். ஆந்திர எல்லையில் இவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால், பார்வை தவறான திசையில் இருக்கும்போது புயல் தலைக்கு மேல் வந்துவிடும். இங்கே காற்றின் அடுக்குகள் வேறு. அதனால் பார்க்க வேண்டியதும் வேறு.

நிலத்திலிருந்து தொடங்குவோம். பலமநேர், குப்பம் பக்கம் நிலம் கடல்மட்டத்துக்கு மேல் 650 மீட்டரைத் தாண்டியது. அங்கிருந்து கிழக்கே இறங்கினால் சித்தூர் ஏறத்தாழ 300 மீட்டர், திருத்தணி நகரம் 100 மீட்டருக்கும் கீழ். நடுவே நகரி மலைகள், வடக்கே திருமலை, தெற்கே ஜவ்வாது. மேட்டுநிலமும் மலைச்சரிவும் பகலில் சீக்கிரம் சூடாகி, இரண்டு மூன்று மணிக்குள் முதல் மேகக் கோபுரங்களை எழுப்பிவிடும். அதே நேரத்தில் எண்ணூர், பழவேற்காடு கரைகளிலிருந்து கடல்காற்று உள்ளே நடக்கத் தொடங்கியிருக்கும். அது மாலைக்குள் திருவள்ளூர், அரக்கோணம் தாண்டி வரும். மேற்கிலிருந்து வரும் காய்ந்த வெப்பக்காற்றும் கிழக்கிலிருந்து வரும் ஈரக்காற்றும் முட்டிக்கொள்ளும் கோட்டைத்தான் நம் வானிலை ஆர்வலர்கள் காற்று முறிவு என்கிறார்கள். வெப்பச்சலன மழை வலுப்பது அந்தக் கோட்டின் மேல்தான்.

கோடு எங்கே இருக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே அறியலாம். காற்று மேற்கிலிருந்து தென்கிழக்குக்குத் திரும்பும், வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், சட்டை உடம்பில் ஒட்டத் தொடங்கும். கடல்காற்று உங்களைக் கடந்து மேற்கே போய்விட்டது என்று அர்த்தம். கோடு இனி உங்களுக்கும் மலைக்கும் நடுவில். அன்று மேற்கு அடிவானத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் புயல்கள் பெரும்பாலும் மேற்கிலிருந்தோ வடமேற்கிலிருந்தோ கிழக்கே நகரும். மூன்று முதல் ஆறு கிலோமீட்டர் உயரத்தில் வீசும் மேலைக்காற்றுதான் தள்ளிக்கொண்டு வருவது. சித்தூர், வேலூர் பக்கம் நாலு ஐந்து மணிக்குப் பிடித்த மழை ஏழு எட்டுக்குத் திருத்தணி, அரக்கோணத்திலும், இரவு பத்துக்குள் சென்னையிலும் இருப்பது வழக்கமான ஓட்டம். ஆனால் இடிமேகத்தின் உச்சி 14, 15 கி.மீ. உயரத்தில் இருக்கிறது. அங்கே ஜூன் தொடங்கியதும் நேர் எதிராக, கிழக்கிலிருந்து மேற்கே, கீழை ஜெட்காற்று மணிக்கு 100 கி.மீ.க்கும் மேல் ஓடுகிறது. பட்டடை வடிவில் விரியும் மேகத்தலை அதனால் கர்நாடகப் பக்கம் இழுபட்டு நீளும். மழை உங்களை நோக்கி வருகிறது, தலையோ பின்னால் போகிறது. அமெரிக்கக் காணொளி பார்த்தவர் 'தலை மேற்கே போகுது, நமக்கு வராது' என்று துணி எடுக்காமல் விட்டுவிடுவார். அந்நாட்டில் புயலுக்கு முன்னே வந்து வெயிலை மறைத்து எச்சரிக்கும் பட்டடை, ஆடியில் திருத்தணிக்காரருக்கு அந்த உதவியைச் செய்யாது. வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேற்கே சுவர் எழும். மார்ச், ஏப்ரலில் மட்டும் மேலடுக்குக் காற்று மேற்கிலிருந்து வரும் நாட்கள் உண்டு. அப்போது தலை கிழக்கே நீளும், பழைய பாடம் ஓரளவு பொருந்தும். மே மாதம் இரண்டுங்கெட்டான். அன்றன்றைக்குப் பார்த்தே சொல்ல முடியும்.

டொர்னாடோ ஏன் இங்கே அபூர்வம் என்பதற்கான விடையும் இந்த அடுக்குகளில்தான் இருக்கிறது. மேகத்தை எழுப்பும் ஆற்றலுக்கு நம்மிடம் குறைவே இல்லை. அதை அளக்கும் கேப் என்ற எண் கோடையில் கிலோகிராமுக்கு 2,000 ஜூலைத் தாண்டுவது சாதாரணம். குறை வேறிடத்தில் இருக்கிறது. ஒரு புயல் முழுவதுமாகச் சுழல, தரைக்கும் ஆறு கி.மீ. உயரத்துக்கும் நடுவே காற்றின் திசையும் வேகமும் பெரிதாக மாற வேண்டும். பொதுவாகச் சொல்லும் எல்லை 40 நாட், அதாவது மணிக்கு சுமார் 74 கி.மீ. வித்தியாசம். இங்கே பெரும்பாலான கோடை நாட்களில் அதில் பாதிகூட இராது. கீழை ஜெட்காற்று வலுவானதுதான், ஆனால் அது மிக உயரத்தில் ஓடுகிறது. புயலின் கீழ்ப்பாதியைத் திருகிச் சுழற்ற அதனால் ஆவதில்லை. மேகம் நேராக எழுகிறது, தன் மழையாலேயே தன் அடியைக் குளிர்வித்துக்கொண்டு, 40 நிமிடம் ஒரு மணி நேரத்தில் சரிந்துவிடுகிறது.

இந்தியாவில் பெயர் சொல்லக்கூடிய டொர்னாடோக்களின் தேதிகளைப் பாருங்கள்: டெல்லி, 1978 மார்ச் 17. மேற்கு வங்கத்தின் தாந்தன், 1998 மார்ச் 24. ஒடிசாவின் ராஜ்கனிகா, 2009 மார்ச் 31. ஜல்பாய்குரி, 2024 மார்ச் 31. எல்லாம் மார்ச். இமயத்துக்குத் தெற்கே, மேற்கிலிருந்து வீசும் மேலை ஜெட்காற்று இன்னும் விலகாமல் இருக்க, தரையில் வெயிலும் ஈரமும் சேர்ந்துவிடும் குறுகிய காலம் அது. 13ஆம் அட்சரேகையில் இருக்கும் நமக்கு அந்தக் கூட்டணி அமைவது அரிது. அரிது என்றுதான் சொல்கிறோம், இல்லவே இல்லை என்று அல்ல. கரையோரக் கடலில் நீரை உறிஞ்சுவதுபோல் இறங்கும் சுழல்தூண்கள் உண்டு. இரண்டு காற்றுக் கோடுகள் மோதும் இடத்தில் தரையோரச் சுழி ஒன்றை வளரும் மேகம் மேலே இழுத்து நீட்டினால், சில நிமிடங்களே வாழும் மெலிந்த சுழல்காற்று நிலத்திலும் உருவாகலாம். அதற்கு முழுப் புயலும் சுழல வேண்டியதில்லை.

காற்று வித்தியாசத்தை நீங்களே கணக்கிடலாம். மீனம்பாக்கத்திலிருந்து நாள்தோறும் காலை 5.30க்கும் மாலை 5.30க்கும் உரிய பலூன் அளவீடுகள் வையோமிங் பல்கலைக்கழகத்தின் தளத்தில் கிடைக்கின்றன. நிலைய எண் 43279. அட்டவணையில் தரை வரியையும் 500 ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்த அலகு) வரியையும் மட்டும் எடுங்கள். பின்னது ஆறு கி.மீ.க்குச் சற்றுக் கீழ். தரையில் கிழக்கிலிருந்து 5 நாட், மேலே மேற்கிலிருந்து 15 நாட் என்றால், எதிரெதிர் திசை என்பதால் கூட்டிக்கொள்ள வேண்டும்: 20 நாட். பாதி எல்லை. அன்று பலத்த காற்றும் மின்னலும் வரலாம், சுழலும் புயலை எதிர்பார்க்க வேண்டாம். அதே அட்டவணையில் 700, 500 வரிகளின் திசையைப் பார்த்தால் புயல் எந்தப் பக்கம் நகரும் என்பதும் தெரிந்துவிடும்.

மேகத்தின் அடி எவ்வளவு உயரம்

தரை வெப்பத்திலிருந்து பனிநிலையை, அதாவது காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலையை, கழித்து 125ஆல் பெருக்கினால் மேக அடியின் உயரம் மீட்டரில் வரும். மே மாத மத்தியானம் வெப்பம் 39, பனிநிலை 22 என்றால் 17 × 125 = 2,125 மீட்டர். ஐப்பசி மழைநாளில் வெப்பம் 29, பனிநிலை 25 என்றால் 500 மீட்டர்தான். எல்லையோரக் கோடையைப் புரிந்துகொள்ள இதைவிடப் பயனுள்ள கணக்கு இல்லை என்பது எங்கள் கருத்து. அடி இரண்டு கி.மீ. உயரத்தில் இருக்கும்போது அங்கிருந்து ஒரு சுழல் தரையைத் தொட நெடுந்தூரம் இறங்க வேண்டும். அதேசமயம், விழும் மழை அந்த இரண்டு கி.மீ. காய்ந்த காற்றில் ஆவியாகிக்கொண்டே வருகிறது. ஆவியாதல் காற்றைக் குளிர்விக்கும், குளிர்ந்த காற்று கனத்து, வேகம் பிடித்து, தரையில் மோதி நாலாபக்கமும் சிதறும். மேகத்திலிருந்து சரியும் இந்தக் காற்றின் வீச்சு சில கி.மீ. அகலம், ஐந்து பத்து நிமிட ஆயுள். மணிக்கு 100 கி.மீ.யைத் தாண்டக்கூடியது. கோடையில் தகரக் கொட்டகையைப் பிய்ப்பதும், ஃப்ளெக்ஸ் பேனர் சட்டத்தைச் சாய்ப்பதும், மாம்பிஞ்சை உதிர்ப்பதும் பெரும்பாலும் இதன் வேலை.

தூரத்தையும் கையாலேயே அளந்துவிடலாம். கையை நேராக நீட்டி, விரல்களை மடக்கி முட்டி பிடித்தால் அதன் உயரம் வானத்தில் சுமார் 10 பாகை. 15 கி.மீ. உயரமுள்ள முதிர்ந்த இடிமேகத்தின் உச்சி அடிவானத்திலிருந்து ஒரு முட்டி உயரத்தில் தெரிந்தால் அது 80 கி.மீ.க்குச் சற்று அப்பால் இருக்கிறது. இரண்டு முட்டி என்றால் 40, மூன்று என்றால் 25 கி.மீ. திருத்தணியில் நின்று மேற்கே பார்க்கும்போது ஒரு முட்டிக்குச் சற்றுக் குறைவாகத் தெரிவது பலமநேர் பக்கம். சித்தூருக்கு மேல் நிற்பது ஒன்றரை முட்டிக்கு வரும். மணிக்கு 25 கி.மீ. வேகத்தில் வந்தால் சித்தூரிலிருந்து திருத்தணிக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். இந்தக் கணக்கு பொய்க்கும் இடம் ஒன்று உண்டு. பழைய மேகத்திலிருந்து வெளியேறிய குளிர்காற்று 15, 20 கி.மீ. முன்னே ஓடி, உங்கள் தலைக்கு மேலேயே புது மேகத்தை எழுப்பிவிடும். அதனால் தொலைவில் இருப்பதை அளந்துகொண்டே நேர் மேலேயும் பார்க்க வேண்டும். காலிஃபிளவர் முனைகள் கூர்மையாகக் கொதித்து எழுந்தால் அடுத்த 20, 30 நிமிடத்தில் அங்கேயே மழை பிடிக்கலாம்.

டொர்னாடோ என்று ஏமாற்றுபவை

முதல் இடம் புழுதிச் சுழலுக்கு. வறண்ட ஏரி உள்வாயில் காலை 11 முதல் 3 மணிக்குள், மேகமே இல்லாத வெயிலில் எழும். தரை சூட்டில் பிறந்து மேலே போவது அது, மேகத்திலிருந்து இறங்குவது அல்ல. கிட்ட நின்று பார்த்தால் வைக்கோல் துணுக்கும் பாலிதீன் பையும் ஒரு வட்டத்தில் ஏறி, உச்சியில் சிதறி, வெளிப்பக்கமாக மெல்ல விழுவது தெரியும். வலச்சுற்று, இடச்சுற்று இரண்டுமே உண்டு. சில மீட்டர் அகலம், சில நிமிட ஆயுள். ஓலைக் கூரையைக் குலைக்கும், கண்ணில் மண் போடும். அண்ணாந்து பார்த்து மேலே இடிமேகம் இல்லையென்றால் கேள்வி முடிந்தது.

அடுத்தது கந்தல் மேகம். வெளியேறும் குளிர்காற்றின் முனையில் ஈரக்காற்று மேலே தூக்கப்பட்டு, மேக அடிக்குக் கீழே கிழிந்த துணியாகத் தொங்கும். கூம்பு வடிவம்கூட வரும். வாட்ஸ்அப் காணொளிகளில் பெரும்பங்கு இதுதான். இதை வேறுபடுத்த ஒரே வழி பொறுமை. தொங்கும் பகுதியின் விளிம்பில் ஒரு கந்தலைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ஒரு மின்கம்பத்தை நேர்கோடாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிடம் கண்ணை எடுக்காமல் பாருங்கள். கந்தல் மேகம் ஒரே பக்கமாக இழுபடும் அல்லது மேலேறிக் கரையும். உண்மையான சுழல் என்றால் முன்பக்கத்துக் கந்தல் இடமிருந்து வலமாகப் போகும், பின்பக்கத்தது வலமிருந்து இடமாகத் திரும்பும், அதே அச்சில் மறுபடியும் வரும். வட அரைக்கோளத்தில் பெரும்பாலான டொர்னாடோக்கள் இப்படி, மேலிருந்து பார்த்தால் கடிகார முள்ளுக்கு எதிராகவே சுற்றும். சுழற்சி தெரியாத எதையும், வடிவம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும், டொர்னாடோ என்று சொல்லக் கூடாது.

மழைத் தாரை மூன்றாவது. தூரத்தில் பெய்யும் மழை சாய்ந்த தூணாகத் தெரியும். ஓரங்கள் மங்கல், அடி அகலம், பத்து இருபது நிமிடம் அதே உருவில் நிற்கும். நான்காவது நம் எல்லைக்கே உரியது. கல்குவாரிகளும் கிரஷர்களும் நிறைந்த வட்டாரம் இது. குளிர்காற்றின் முனை ஜல்லித்தூள் குவியலைத் தொட்டால் வெண்புழுதி குபீரென்று எழும். மேலே கந்தல் மேகம், கீழே எழும் புழுதி, இரண்டும் ஒரே சட்டகத்தில் விழுந்தால் பழகிய கண்ணையும் ஏமாற்றும். புழுதி சுற்றுகிறதா, சுவராக ஒரே திசையில் உருள்கிறதா என்பதுதான் கேள்வி. இரவில் இன்னொரு மயக்கம்: அடிவானத்தில் பச்சை நீல ஒளி வெடிப்பு. மின்கம்பிகள் உரசிக்கொள்வதால் வருவது. அமெரிக்காவில் இரவு டொர்னாடோவின் தடத்தை இதை வைத்துப் பின்தொடர்வார்கள். இங்கே பரந்த காற்றுவீச்சில் பத்து ஊர்களில் ஒரே நேரத்தில் இப்படி வெடிக்கும். தனியாக இதை ஆதாரமாகக் கொள்ள முடியாது.

இவ்வளவும் கழித்த பிறகு இரண்டு சேர்ந்து இருந்தால் நம்பலாம்: மேக அடியில் தொடர்ந்து நிற்கும் சுழற்சி, அதற்கு நேர் கீழே தரையில் சுற்றும் புழுதியோ குப்பையோ. கூம்பு தரைவரை தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. காய்ந்த காற்றில் பாதித் தூண் கண்ணுக்குத் தெரியாமலே இருக்கும். அதனால்தான் கீழே பார்ப்பது முக்கியம். காணொளி எடுப்பவர்கள் மேகத்தை ஜூம் செய்து தரையை வெட்டிவிடுகிறார்கள். அந்த நொடியில் அதன் பயன் போய்விடுகிறது.

ரேடார் எதைக் காட்டும், எதைக் காட்டாது

சென்னைத் துறைமுகத்து டாப்ளர் ரேடார் 2002 முதலும், ஸ்ரீஹரிகோட்டா ரேடார் 2004 முதலும் இந்த எல்லையைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. இந்திய வானிலைத் துறையின் தளத்தில் கிடைக்கும் படங்களில் பலரும் பார்ப்பது மேக்ஸ் இசட். அது ஒவ்வொரு இடத்திலும் எந்த உயரத்திலாவது கிடைத்த ரேடார் எதிரொலியின் உச்ச அளவைக் காட்டுவது. படத்தின் மேல் ஓரத்திலும் வல ஓரத்திலும் உள்ள பட்டைகள்தான் அதன் பொக்கிஷம். புயலின் செங்குத்து உயரம் அங்கே இருக்கிறது. 50 டிபிஇசட்டுக்கு (எதிரொலியின் வலுவை அளக்கும் அலகு) மேற்பட்ட நிறம் எட்டு பத்து கி.மீ. உயரத்துக்கு ஏறியிருந்தால் ஆலங்கட்டியும் பலத்த காற்றும் எதிர்பார்க்கலாம். அந்த உச்ச நிறம் அடுத்தடுத்த படங்களில் சடசடவென்று கீழே இறங்கினால் மேகத்தில் தேங்கிய மழையின் கனம் சரிகிறது, காற்றுவீச்சு தரையைத் தொடப்போகிறது. ரேடார் ஒரே சாய்வில் சுற்றிப் பார்த்ததைக் காட்டும் பிபிஐ இசட் படத்தில் மெல்லிய இழையாக, மழையே இல்லாத இடத்தில் ஒரு கோடு நகர்ந்தால் அது கடல்காற்றின் முனை அல்லது குளிர்காற்றின் முனை. அப்படிப்பட்ட இரண்டு கோடுகள் சந்திக்கும் இடத்தைக் குறித்து வைத்தால் அடுத்த மேகம் எங்கே என்பதை முன்கூட்டியே சொல்லலாம்.

சுழல்காற்றை இந்த ரேடார்கள் காட்டிவிடும் என்று நம்புவது வீண். சென்னை ரேடாரிலிருந்து அரை பாகை சாய்வில் கிளம்பும் கதிர், பூமியின் வளைவும் சேர்ந்து, 75 கி.மீ. தூரத்துத் திருத்தணிக்கு மேல் ஒரு கி.மீ. உயரத்தில் போகிறது, 130 கி.மீ. தூரத்துச் சித்தூருக்கு மேல் இரண்டு கி.மீ.யைத் தாண்டிவிடுகிறது. ஒரு பாகை அகலக் கதிர் சித்தூரில் இரண்டு கி.மீ.க்கு மேல் விரிந்திருக்கும். நூறு மீட்டர் அகலச் சுழல் அதற்குள் கரைந்துபோகும். படம் தளத்துக்கு வருவதற்குள் பத்து நிமிடம் பழசாகியும் இருக்கும். தரையில் நின்று பார்க்கும் ஒருவருக்கு இன்றும் மதிப்பு இருப்பது இதனால்தான்.

எங்கே நிற்பது

முதலில், எங்கே நிற்கக்கூடாது. திருத்தணி மலை, சோளிங்கர் மலை, ஏரிக்கரை, மொட்டைமாடி, தனிப் பனைமரத்தடி: காட்சி அருமையாகக் கிடைக்கும் எல்லா இடமும் மின்னலுக்கும் வசதியானவை. இந்தியாவில் மின்னலுக்கு ஆண்டுதோறும் 2,500க்கு மேற்பட்டோர் பலியாகிறார்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஒரு கி.மீ. 30 வினாடிக்குள் இடி கேட்டால் 10 கி.மீ.க்குள் இருக்கிறது, வெளியே நிற்கும் நேரம் முடிந்தது. கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வர வேண்டும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் தாமினி செயலி 20, 40 கி.மீ. வட்டத்துக்குள் விழும் மின்னலைச் சொல்லும். காதோடு சேர்த்து அதையும் வைத்துக்கொள்ளலாம்.

நல்ல இடம் என்பது கண்ணாடி ஏற்றிய, உலோகக் கூரையுள்ள கார். மேற்கும் வடமேற்கும் திறந்த வயல்வெளி. சாலையோரப் புளியமரமும் உயர்மின் கம்பியும் விளம்பரப் பலகையும் விழுந்தால் எட்டாத தூரம். சென்னை - திருப்பதி நெடுஞ்சாலையின் ஓரத்தில் நிறுத்தக் கூடாது. மழைத்திரை இறங்கியதும் பின்னால் வரும் லாரிக்கு நீங்கள் தெரியமாட்டீர்கள். கிராமச் சாலைக்குள் திரும்பி, வண்டியின் முகத்தை வெளியேறும் பக்கம் வைத்து நிறுத்துங்கள். இரண்டு பேர் வேண்டும், ஓட்டுபவர் ஓட்டட்டும், மற்றவர் பார்க்கட்டும். இருசக்கர வண்டியில் புயலைத் துரத்துவதை எந்தச் சமாதானமும் சொல்லி ஏற்க முடியாது. இந்திய வானிலைத் துறை மணிக்கு 62 கி.மீ.க்கு மேற்பட்ட காற்றைக் கடும் இடிமழை என்று வகைப்படுத்துகிறது. பக்கவாட்டில் அந்தக் காற்று அடித்தால் பைக் நிற்காது, மின்னலிலிருந்து பாதுகாப்பும் கிடையாது.

தண்ணீரையும் மறக்கக் கூடாது. மலைப்பக்கம் பெய்த மழை, உங்கள் தலைக்கு மேல் நட்சத்திரம் தெரியும்போது தரைப்பாலத்துக்கு வந்து சேரும். கிருஷ்ணாபுரம் அணையில் திறந்தால் பள்ளிப்பட்டுப் பக்கம் கொசஸ்தலையாறும், பிச்சாட்டூரில் திறந்தால் ஊத்துக்கோட்டையில் ஆரணியாறும் ஏறும். இரண்டு அணைகளும் ஆந்திரத்தில், தரைப்பாலங்கள் தமிழ்நாட்டில். எச்சரிக்கையும் இரு மாநில நிர்வாகங்களைக் கடந்து வர வேண்டும். புறப்படுமுன் சென்னை, அமராவதி இரண்டு வானிலை மையங்களின் அறிவிப்பையும் படியுங்கள். திரும்பும் வழி தரைப்பாலம் இல்லாததாக இருக்கட்டும்.

வீட்டில் இருக்கும்போது சுழல் நிஜமாகவே நெருங்கினால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான்: கான்கிரீட் வீட்டின் தரைத்தளம், ஜன்னல் இல்லாத உள்ளறை, தலையை மூடிக் குனிந்து உட்காருவது. ஆஸ்பெஸ்டாஸ், தகரக் கூரை வீடு என்றால் மேகம் கறுக்கும்போதே பக்கத்துக் கட்டட வீட்டுக்குப் போய்விட வேண்டும். விசைத்தறிக் கொட்டகைகளில் வேலை செய்பவர்களுக்கு இது குறிப்பாகப் பொருந்தும். அகன்ற தகரக் கூரைக்கு அடியில் காற்று புகுந்தால் மொத்தமாகத் தூக்கும்.

பதிவும் மறுநாள் ஆய்வும்

பார்த்ததைச் சொல்லும்போது வேண்டியவை: நிமிடத்தோடு நேரம், நீங்கள் நின்ற இடம், பார்த்த திசை ஃபோன் காம்பஸின் பாகையில், முட்டிக் கணக்கில் உயரம், சுழற்சி இருந்ததா, தரையில் புழுதி சுற்றியதா, எத்தனை நிமிடம். காணொளியை ஃபோனை அசைக்காமல், கார் டேஷ்போர்டில் ஊன்றி, தரையும் மேகமும் சேர்ந்து தெரிய இரண்டு நிமிடம் எடுங்கள். ஆலங்கட்டியை உருகுமுன் பத்து ரூபாய் நாணயத்தோடு வைத்துப் படமெடுங்கள். நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர். உயிருக்கு ஆபத்து என்றால் முதலில் மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் 1077, பிறகுதான் சமூக ஊடகம்.

டொர்னாடோவா, சரிந்த காற்றா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்வது அநேகமாக மறுநாள் காலை மாந்தோப்புதான். பெங்களூரா வகை மாமரங்கள் பத்து மீட்டர் இடைவெளியில் வரிசை வைத்து நட்டிருப்பதால் அளவெடுக்கத் தோதானவை. அறுந்த மின்கம்பி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தோட்டக்காரரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள். விழுந்த ஒவ்வொரு மரத்துக்கும் வேரிலிருந்து தலைப்பக்கம் நோக்கி ஃபோன் காம்பஸைப் பிடித்துப் பாகையைக் குறியுங்கள். முப்பது மரமாவது வேண்டும். தாளில் அம்புகளாக வரையுங்கள். அம்புகள் ஒரு புள்ளியிலிருந்து விசிறியாக விரிந்தால் மேகத்திலிருந்து சரிந்த காற்று. குறுகிய பாதையின் இரு ஓரத்திலிருந்தும் உள்ளே சாய்ந்து, நடுக்கோட்டில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தால் சுழல். சேதத்தின் கடுமையை வைத்து முடிவு செய்வதுதான் இதில் அதிகம் நடக்கும் தவறு. டொர்னாடோவின் வலுவை வகைப்படுத்தும் மேம்பட்ட ஃபுஜிட்டா அளவுகோலின் மிகக் கீழ்ப்படியான இஎஃப் 0, மணிக்கு 105 முதல் 137 கி.மீ. வரை. சரிந்த காற்றும் அந்த வேகத்தை எட்டும். வாழைத்தோப்பை மட்டும் நம்புவதும் சரியல்ல. வாழை முதல் வீச்சிலேயே சாய்ந்துவிடுவதால், பின்னால் காற்று திரும்பியதை அது பதிவு செய்யாது. வாழையோடு மாவும் புளியும் இருக்கும் தோப்பு கிடைத்தால் காற்று எந்த வரிசையில் திசை மாறியது என்பதையே படிக்கலாம்.

மரத்தை வெட்டி அகற்றத் தொடங்குமுன், மறுநாள் காலை பத்து மணிக்குள் இந்த வேலை முடிய வேண்டும். எடுத்த படங்களின் பிரதியைத் தோட்டக்காரருக்கும் கொடுங்கள். வேரும் தலையும் சேர்ந்து தெரியும், நேரமும் இடமும் பதிந்த படம், கிராம நிர்வாக அலுவலர் சேதக் கணக்கெடுக்க வரும்போது தோட்டக்காரர் கையில் இருக்க வேண்டிய சான்று.